வீடு ஒரு மாநிலம், வேலை இன்னொரு மாநிலம்: அமெரிக்க ஸ்டேட் டேக்ஸில் பணம் நழுவும் இடங்கள்

நியூ ஜெர்சியின் எடிசனில் வீடு, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஆபீஸ். பென்சில்வேனியாவின் எக்ஸ்டனில் வீடு, நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் ஆபீஸ். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் வீடு, ஆற்றைத் தாண்டினால் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் ஆபீஸ். இந்த மூன்று பேருக்கும் சம்பளம் ஒன்றே என்றாலும் ஏப்ரல் 15-க்குள் செய்ய வேண்டியது வேறு வேறு. நியூ ஜெர்சிக்காரர் இரண்டு மாநிலங்களுக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். பென்சில்வேனியாக்காரர் ஆபீஸில் ஒரே ஒரு படிவம் கொடுத்திருந்தால், சம்பளத்துக்கு வீட்டு மாநிலத்தில் மட்டும் போட்டால் போதும். வான்கூவர்காரருக்குச் சொந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. ஆனாலும் போர்ட்லாந்தில் உட்கார்ந்து வேலை பார்த்த நாட்களுக்கு ஓரிகனுக்கு முழு வரி கட்ட வேண்டும். அதைக் கழித்துக்கொள்ள வேறு வரி எதுவும் அவருக்குக் கிடையாது.

இதன் அடிப்படை எளிது. நீங்கள் வசிக்கும் மாநிலம், உலகில் எங்கே சம்பாதித்தாலும் அந்த முழு வருமானத்துக்கும் வரி கேட்கும். வசிக்காத மாநிலம், தன் எல்லைக்குள் உருவான வருமானத்துக்கு மட்டும் கேட்கும். சம்பளம் உருவாகும் இடம் என்பது பொதுவாக நீங்கள் உடலோடு உட்கார்ந்து வேலை செய்த இடம். கம்பெனியின் தலைமையகம் எங்கே, செக் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு நியூயார்க்கில் இருக்கிறது. அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலங்களும் வரி கேட்டால் இரண்டு முறை கட்டுவதா என்றால், இல்லை. வேலை மாநிலத்துக்குக் கட்டிய வரியை வீட்டு மாநிலம் க்ரெடிட்டாகக் கழித்துக்கொள்ளும். மேரிலாந்து மாநிலம் தன் கவுண்டி வரியில் இந்தக் க்ரெடிட்டைத் தராமல் இருந்தபோது, வின் தம்பதியர் தொடுத்த வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. உங்களைக் காப்பாற்றுவது இந்தக் க்ரெடிட்தான். அதனால் அதன் நிபந்தனைகளை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சட்டப்படி அந்த மாநிலத்துக்கு நீங்கள் கட்டியே ஆக வேண்டிய வரிக்குத்தான் க்ரெடிட் கிடைக்கும். பேரோல் (கம்பெனியின் சம்பளப் பிரிவு) தவறாகப் பிடித்த வரிக்குக் கிடைக்காது. கம்பெனி தரும் வருடச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 தாளின் 17-ஆம் கட்டத்தில் இருக்கும் பிடித்தத் தொகையும் க்ரெடிட் அல்ல. வேலை மாநிலத்தின் ரிட்டர்னை முழுதாகக் கணக்கிட்டு, அதில் வரும் இறுதி வரித் தொகையைத்தான் எடுக்க வேண்டும். பிடித்தது 8,000 டாலர், ரிட்டர்னில் வந்த வரி 6,300 டாலர் என்றால் க்ரெடிட்டுக்கு 6,300 மட்டுமே. மீதி 1,700 வேலை மாநிலத்திலிருந்து ரீஃபண்டாக வரும். இந்த இடத்தில் 8,000 என்று போட்டுவிட்டு, ஓராண்டு கழித்து வட்டியோடு நோட்டீஸ் வாங்குபவர்கள் நிறைய. கண்டுபிடிக்கக் கடினமான தவறும் இல்லை இது. நியூ ஜெர்சி, உங்கள் நியூயார்க் ரிட்டர்னின் நகலை அனுப்பச் சொன்னால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

ரிட்டர்ன் போடும் வரிசையும் முக்கியம். முதலில் ஃபெடரல், அடுத்து வசிக்காத மாநிலம், கடைசியாக வசிக்கும் மாநிலம். மென்பொருளில் நியூ ஜெர்சியை முதலில் முடித்துவிட்டு நியூயார்க்குக்குப் போனால், க்ரெடிட் பக்கம் வெறுமையாக நிற்கும். நியூ ஜெர்சி முழு வரியும் கேட்பதாகக் காட்டும். பயந்து கட்டிவிடாதீர்கள். நியூயார்க்கை முடித்துவிட்டுத் திரும்பி வந்து க்ரெடிட் பகுதியை மறுபடி திறந்தால் சரியாகும். இந்த வரிசை தலைகீழாக மாறும் இடமும் உண்டு. கலிஃபோர்னியாவுக்கும் அரிசோனா, ஓரிகன், வர்ஜீனியா ஆகியவற்றுக்கும் இடையே க்ரெடிட்டைத் தருவது வசிக்காத மாநிலம். அங்கே வீட்டு மாநிலத்தின் ரிட்டர்னை முதலில் முடிக்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் சம்பளம்

தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் சோடி இதுதான். எடிசன், ஐசலின், ஜெர்சி சிட்டியிலிருந்து ரயிலேறிப் போகும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். வீட்டு மாநிலம் மட்டும் சம்பள வரி வாங்கும் பரஸ்பர ஒப்பந்தம் இந்த இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே கிடையாது. எனவே நியூயார்க்குக்கு ஐடி-203, நியூ ஜெர்சிக்கு என்ஜே-1040. க்ரெடிட்டுக்கு என்ஜே-சிஓஜே என்ற இணைப்பு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தனிநபர், வருடச் சம்பளம் 1,20,000 டாலர், வேறு வருமானம் இல்லை, 2024-க்கான விகிதங்கள். நியூயார்க் 8,000 டாலர் நிலையான கழிவு தரும். மீதிக்கு வரி அடுக்கு அடுக்காகக் கணக்கிட்டு, 1,07,650 டாலருக்கு மேல் வருமானம் போவதால் சேரும் கூடுதல் தொகையையும் சேர்த்தால் சுமார் 6,290 டாலர் வரும். நியூ ஜெர்சி 1,000 டாலர் விலக்கு கொடுத்துவிட்டுக் கணக்கிடும்போது சுமார் 5,450 டாலர். க்ரெடிட் என்பது இரண்டு தொகைகளில் சிறியது: நியூயார்க்கின் உண்மை வரி, அல்லது அதே வருமானத்துக்கு நியூ ஜெர்சி போட்டிருக்கும் வரி. இங்கே சிறியது 5,450. நியூ ஜெர்சிக்குக் கட்ட வேண்டியது பூஜ்யம். மொத்தச் செலவு நியூயார்க்கின் 6,290. கூடுதலாக உள்ள 840 டாலரை எந்த மாநிலமும் திருப்பித் தராது. இரண்டு மாநிலங்களில் எதன் வரி அதிகமோ அதைத்தான் மொத்தத்தில் கட்டுகிறீர்கள் என்று நினைவில் வைத்தால் பெரும்பாலான சூழ்நிலைகளுக்குப் பொருந்தும்.

இப்போது அதே ஆளுக்கு வங்கி வட்டியாக இன்னும் 20,000 டாலர் வருகிறது என்று வையுங்கள். வட்டிக்கு நியூயார்க் வரி போட முடியாது. ஆனால் அதன் கணக்கு முறை வேறு. முதலில் மொத்த 1,40,000-க்கும் நீங்கள் நியூயார்க்வாசி போலவே வரி கணக்கிட்டு, பிறகு அதில் 120/140 பங்கை எடுக்கும். மேல் அடுக்கு விகிதம் சம்பளத்தின் மேலும் ஏறிவிடும். நியூயார்க் வரி சுமார் 6,620 ஆகிறது, அதாவது 330 டாலர் கூடுதல். நியூ ஜெர்சியில் மொத்த வரி சுமார் 6,730. அதில் 120/140 பங்கான 5,770 வரைதான் க்ரெடிட். மீதி 960 கட்ட வேண்டும். கணவன், மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணும்போது ஒருவர் நியூயார்க்கிலும் மற்றவர் நியூ ஜெர்சியிலும் வேலை பார்த்தால் இதே விளைவு இன்னும் பெரிதாகத் தெரியும்.

அந்த வட்டி இந்தியாவிலிருந்து வருவதாக இருந்தாலும் கதை இதுதான். இந்தியாவில் வரி இல்லாத என்ஆர்ஈ (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) வட்டியும் இங்கே வருமானமே. இந்தியாவில் பிடித்த டிடிஎஸ்ஸுக்கு ஃபெடரல் க்ரெடிட் தரும். நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா மூன்றும் இந்தியாவில் கட்டிய வரிக்குக் க்ரெடிட் தருவதில்லை.

டபிள்யூ-2 தாளில் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். நியூயார்க் வரிசையில் 1,20,000, அதற்குக் கீழே நியூ ஜெர்சி வரிசையிலும் 1,20,000 அல்லது சற்று அதிகம். சம்பளம் இரட்டிப்பாகவில்லை. ஒரே சம்பளத்தை இரண்டு மாநிலங்களுக்கும் காட்டுகிறார்கள். நியூயார்க்கின் விதிப்படி, ஒரு நாள் அங்கே வேலை செய்திருந்தாலும் 16-ஆம் கட்டத்தில் ஃபெடரல் சம்பளம் முழுதையும் கம்பெனி காட்டியாக வேண்டும். நியூயார்க்குக்கு உரிய பங்கைப் பிரிப்பது உங்கள் பொறுப்பு. நியூ ஜெர்சித் தொகை கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம், எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) போன்றவற்றைச் சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்தாலும் நியூ ஜெர்சி அவற்றுக்கு வரிவிலக்குத் தருவதில்லை, 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்புக்குத் தருகிறது. அந்த வித்தியாசத் தொகைக்குச் சிறிது வரி வந்தால் மென்பொருள் தவறு என்று நினைக்க வேண்டாம்.

நியூயார்க் நகர வரி வேறு. அது நகரத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். வெளியிலிருந்து வருபவர்களிடம் வாங்கிய நகர வரி 1999-இல் நீக்கப்பட்டது. ஆனால் வேலையில் சேரும்போது ஐடி-2104 படிவத்தில் நகரவாசியா என்ற கேள்விக்கு அவசரத்தில் ஆமாம் என்று குறித்துவிட்டால் மூன்று சதவீதத்துக்கு மேல் வீணாகப் பிடிப்பார்கள். நகரத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வீடு மாறும்போது பேரோலில் முகவரியோடு இந்தப் படிவத்தையும் மாற்ற வேண்டும். சம்பளச் சீட்டில் நகரத்துக்கான பிடித்தம் தனி வரியாக இருக்கும். வீடு மாறிய அடுத்த மாதமே அது மறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்த்தால்

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி: வாரத்தில் இரண்டு நாள் எடிசன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், அந்த நாட்களை நியூயார்க் கணக்கிலிருந்து கழிக்கலாமா? முடியாது. உங்கள் வசதிக்காக வெளி மாநிலத்தில் இருந்து செய்த வேலையை நியூயார்க்கில் செய்ததாகவே அந்த மாநிலம் எடுத்துக்கொள்ளும். கம்பெனியின் தேவைக்காகத்தான் வெளியே செய்தீர்கள் என்று நிரூபித்தால் மட்டுமே அந்த நாள் கழியும். வசதி விதி எனப்படும் இதை எதிர்த்து எட்வர்ட் செலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியர் வழக்காடினார். கனெடிகட்டில் வீடு, வாரம் மூன்று நாள் மன்ஹாட்டனில் வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டிலிருந்து ஆய்வு. 2003-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. டென்னசியில் இருந்துகொண்டு நியூயார்க் நிறுவனத்துக்கு வேலை பார்த்த தாமஸ் ஹக்கபி என்ற கணினி நிரலாளர், வேலை நாட்களில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே நியூயார்க்கில் இருந்தார். ஆனாலும் முழுச் சம்பளத்துக்கும் வரி உண்டு என்று 2005-இல் அதே நீதிமன்றம் சொன்னது. டென்னசியில் சம்பளத்துக்கு வரி இல்லாததால் அவருக்குக் க்ரெடிட் வாங்கவும் வழியில்லை.

இந்த விதி நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. டெக்சாஸில் உட்கார்ந்து, டெக்சாஸ் சாலையில் போய்வருபவரிடம் நியூயார்க் வரி வாங்குவதற்கு என்ன அடிப்படை? ஆனால் சட்டம் மாறும்வரை கணக்கு அதன்படிதான் போட வேண்டும். வீட்டு நாட்களைக் கழித்து ரீஃபண்ட் வாங்கிவிட்டேன் என்று நண்பர் சொன்னால், அது இன்னும் தணிக்கைக்கு வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

உங்கள் வீட்டையே கம்பெனியின் உண்மையான அலுவலகமாக ஏற்க வைக்க ஒரு வழி உண்டு. 2006-இல் வந்த நியூயார்க் சுற்றறிக்கையில் அதற்கான தேர்வு இருக்கிறது. வேலைக்குத் தேவையான சிறப்பு வசதி வீட்டில் அல்லது அதற்கு அருகில்தான் இருக்கிறது என்றால் அது ஒன்றே போதும். இல்லையென்றால் இரண்டாம் நிலைக் காரணிகள் ஆறில் நான்கும், பிற காரணிகள் பத்தில் மூன்றும் பொருந்த வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்பது நியமன ஒப்பந்தத்தின் நிபந்தனையாக எழுத்தில் இருப்பது, கம்பெனி உங்களுக்கென்று மேசையே ஒதுக்காதது, வீட்டு அலுவலகச் செலவில் பெரும்பகுதியைக் கம்பெனியே தருவது ஆகியவை இரண்டாம் நிலைக் காரணிகளில் சில. சாதாரண மென்பொருள் வேலைக்கு இதில் தேறுவது கடினம். நிரந்தரமாக வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு நடைமுறையில் பலிக்கும் வழி வேறு. அந்த மாநிலத்தில் கம்பெனிக்கு அலுவலகம் இருந்தால், உங்களை அதிகாரபூர்வமாக அந்த அலுவலகத்துக்கு மாற்றி எச்ஆரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறுவதற்கு முன்பே கேட்பது நல்லது. மாறிய பிறகு கேட்டால் பழைய தேதி போட்டு யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

நியூ ஜெர்சி 2023-இல் பதில் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. இப்படிப்பட்ட விதி வைத்திருக்கும் மாநிலங்களில் வசிப்பவர்கள் நியூ ஜெர்சிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தால், அவர்களிடம் நியூ ஜெர்சியும் அதே முறையில் வரி வாங்கும். கனெடிகட்டிலும் இதே போன்ற பதில் விதி உண்டு. டெலவேர், பென்சில்வேனியாவிலும் வசதி விதி இருக்கிறது. ஆகவே தொலைதூர வேலைக்குச் சேரும்போது, கம்பெனி எந்த மாநிலத்து அலுவலகத்தில் உங்களைக் கணக்கு வைக்கிறது என்பதைச் சம்பளம் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

நாள் கணக்கு

ஆபீஸ் வேலையாக வேறு மாநிலத்துக்குப் போன நாட்கள் நியூயார்க்கிலிருந்து நியாயமாகவே கழியும். அதற்கான தாள் ஐடி-203-பி. 365 நாட்களில் சனி, ஞாயிறு 104, பொது விடுமுறை 10, விடுப்பு 15, உடல்நலக் குறைவு 4 என்று 133 போனால் மீதி 232 வேலை நாட்கள். இதில் பாஸ்டன் வாடிக்கையாளர் அலுவலகத்தில் 20 நாள், வீட்டில் 90 நாள் என்றால் வெளியே 110. வீட்டு நாட்கள் 90-ஐ அந்தத் தாளே திரும்பக் கழித்துவிடும். நியூயார்க் நாட்கள் 212. அப்போது 1,20,000-இல் 212/232 பங்கு, அதாவது 1,09,655 டாலர் நியூயார்க் சம்பளம். விடுப்பு நாட்களை வெளி நாட்களாக எண்ணுவதுதான் இங்கே பரவலான பிழை. ஊருக்கு வந்து மூன்று வாரம் இருந்தால் அவை வேலை செய்யாத நாட்கள். பகுதியிலும் தொகுதியிலும் அவை வரக் கூடாது.

அந்த 20 பாஸ்டன் நாட்களுக்கு உரிய 10,345 டாலர் மாசசூசெட்ஸில் உருவான வருமானம். அங்கே ஒரு ரிட்டர்ன் போட்டு, 5 சதவீதக் கணக்கில் வரி கட்டி, நியூ ஜெர்சியில் அதற்கென்று இன்னொரு க்ரெடிட் தாள் இணைக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனித் தாள். சேர்த்துப் போட்டால் நிராகரிப்பார்கள். சில மாநிலங்கள் குறுகிய பயணத்துக்குச் சலுகை வைத்திருக்கின்றன. இல்லினாயில் 30 வேலை நாட்களுக்கு மேல் போனால்தான், கனெடிகட்டில் 15 நாட்களுக்கு மேல் போனால்தான் வரி. கலிஃபோர்னியாவில் முதல் நாளிலிருந்தே. நியூயார்க்கில் 14 நாள் வரை கம்பெனி பிடித்தம் செய்யத் தேவையில்லை என்ற சலுகை கம்பெனிக்குத்தான். உங்கள் வரிப் பொறுப்பு முதல் நாளே தொடங்கிவிடும்.

நியூயார்க் தணிக்கைக் கடிதம் வந்தால் கேட்பவை: கம்பெனிக் கடிதத் தாளில் வேலை நாட்கள், இடம், காரணம், உங்கள் நாட்காட்டி, பயணச் சீட்டு, விடுதி ரசீது. ஈஸிபாஸ் (சாலைச் சுங்கக் கட்டணம்) பதிவையும் செல்ஃபோன் பதிவையும் கேட்பது வழக்கம். ஆண்டு முடிந்து இரண்டு வருடம் கழித்து இதையெல்லாம் தேட முடியாது. எந்த நாள் எங்கே என்று அன்றன்றே ஒரு தாளில் குறிப்பதுதான் எளிது. காலை பாதி நியூயார்க், மாலை விமானத்தில் வெளியே என்ற நாட்களையும் எழுதி வையுங்கள்.

ஒப்பந்தம் இருக்கும் மாநிலங்கள்

பென்சில்வேனியாவும் நியூ ஜெர்சியும் 1977-லிருந்து சம்பளத்தைப் பொறுத்தவரை ஒப்பந்தம் வைத்திருக்கின்றன: வீட்டு மாநிலம் மட்டுமே வரி வாங்கும். பென்சில்வேனியாவில் வசித்து நியூ ஜெர்சியில் வேலை பார்ப்பவர் ஆபீஸில் என்ஜே-165 கொடுக்க வேண்டும். எதிர்த் திசையில் போகிறவர் ஆர்இவி-419. இதே போல் பென்சில்வேனியாவுக்கு ஒஹையோ, மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, இந்தியானா ஆகியவற்றோடும் ஒப்பந்தம் உண்டு. இல்லினாய்க்கு அயோவா, கென்டக்கி, மிச்சிகன், விஸ்கான்சின். வாஷிங்டன் டிசி வெளியிலிருந்து வரும் எவரிடமும் சம்பள வரி வாங்க முடியாது. அதற்கான தாள் டி-4ஏ. ஒப்பந்தம் சம்பளத்துக்கு மட்டும். சொந்தத் தொழில், வாடகை, வீடு விற்ற லாபம் எதற்கும் பொருந்தாது.

தாள் கொடுக்க மறந்தால் என்ன ஆகும் என்பதில்தான் க்ரெடிட் விதியின் கூர்மை தெரியும். எக்ஸ்டன்காரரிடம் ஆண்டு முழுதும் நியூ ஜெர்சி வரி பிடித்துவிட்டார்கள். அதைக் க்ரெடிட்டாகப் பென்சில்வேனியாவில் கேட்க முடியாது, ஏனென்றால் நியூ ஜெர்சிக்கு அவர் எதுவும் கட்டக் கடமைப்பட்டவரே இல்லை. நியூ ஜெர்சியில் வசிக்காதோர் ரிட்டர்ன் போட்டு, வரிக்குரிய சம்பளம் பூஜ்யம் என்று காட்டி, பிடித்ததைத் திரும்பக் கேட்க வேண்டும். பென்சில்வேனியாவின் 3.07 சதவீதத்தைக் கையிலிருந்து உடனே கட்ட வேண்டும். ரீஃபண்ட் வருவதற்கு முன்பே கட்டணத் தேதி வந்துவிடும், குறைவாகக் கட்டியதற்கு அபராதமும் சேரும். இத்தனைக்கும் காரணம் ஒரு பக்கத் தாள்.

நகர, ஊர் வரிகள் இந்த ஒப்பந்தத்துக்குள் வரா. பிலடெல்ஃபியா நகரச் சம்பள வரி, வெளியில் வசிப்பவர்களுக்கும் 3.4 சதவீதத்துக்குச் சற்று மேல். நியூ ஜெர்சியின் செர்ரி ஹில்லில் இருந்து போகிறவர் பென்சில்வேனியா மாநிலத்துக்கு எதுவும் கட்டமாட்டார், நகரத்துக்குக் கட்டுவார். அந்த நகர வரிக்கு நியூ ஜெர்சியில் க்ரெடிட் உண்டு. இதைக் கேட்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள், பணம் முழுதாகப் போகிறது. வெளியில் வசிப்பவர்களுக்குப் பிலடெல்ஃபியா ஒரு நல்ல வழியும் வைத்திருக்கிறது: கம்பெனியே உங்களை நகரத்துக்கு வெளியே வேலை செய்யச் சொன்ன நாட்களுக்குக் கம்பெனிக் கடிதத்தோடு விண்ணப்பித்தால் நகர வரி திரும்பக் கிடைக்கும். பென்சில்வேனியா டவுன்ஷிப் பலவற்றில் ஒரு சதவீத அளவில் ஊர் வருமான வரி இருக்கிறது. நியூ ஜெர்சிக் கம்பெனி அதைப் பிடிக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும்.

கன்சல்டன்சியில் இருப்பவர்கள்

எச்-1பியில் இருப்பவர்களுக்கு நடக்கும் பொதுவான சிக்கல் இது. கன்சல்டன்சி நியூ ஜெர்சியில், கிளையன்ட் சார்லட்டில். குடும்பத்தோடு வட கரோலினாவுக்குக் குடிபோய்விட்டார்கள். பேரோல் மட்டும் நியூ ஜெர்சி வரி பிடித்துக்கொண்டே இருக்கிறது. வட கரோலினாவில் பிடித்தம் செய்ய அந்த மாநிலத்தில் கம்பெனி பதிவு செய்ய வேண்டும். வேலையின்மைக் காப்பீட்டுக் கணக்கும் திறக்க வேண்டும். சிறிய கம்பெனிகள் சில அதைத் தள்ளிப்போடுகின்றன. "எப்படியும் க்ரெடிட் கிடைக்கும்" என்று அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நியூ ஜெர்சியில் நீங்கள் வசிக்கவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. அங்கே கட்ட வேண்டிய வரியே இல்லாதபோது வட கரோலினா எதற்குக் க்ரெடிட் தரும்?

ஆண்டின் நடுவில் கண்டுபிடித்தால் பேரோலுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்த முகவரியில் வேலை, எந்த மாநிலப் பிடித்தம் நிற்க வேண்டும், எது தொடங்க வேண்டும். அதே ஆண்டுக்குள் என்றால் தவறாகப் பிடித்ததை அவர்களே திருத்தி, சரியான மாநிலத்துக்கு மாற்ற முடியும். டிசம்பர் கடந்துவிட்டால் திருத்திய டபிள்யூ-2 தாளான டபிள்யூ-2சி கேளுங்கள். தர மறுத்தால், என்ஜே-1040என்ஆர் போட்டு, நியூ ஜெர்சி வருமானம் பூஜ்யம் என்று காட்டி, வேலை செய்த இடத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை இணைத்து ரீஃபண்ட் கேட்க வேண்டும். கூடவே வட கரோலினாவின் டி-400-இல் முழு வரி: 2024-க்கு 4.5 சதவீதம், 2025-க்கு 4.25. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்-1பிக்காகக் கம்பெனி தொழிலாளர் துறையிடம் கொடுக்கும் எல்சிஏ விண்ணப்பத்தில் பணியிடம் சார்லட், டபிள்யூ-2 காட்டுவது நியூ ஜெர்சி என்றால் விசா நீட்டிப்பின்போது விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரலாம். வரித் தாளை ஒழுங்குபடுத்த இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

மாநிலம் மாறியவர்களின் ஆர்எஸ்யு

கலிஃபோர்னியாவில் இருந்தபோது கொடுத்த ஆர்எஸ்யு (குறிப்பிட்ட காலம் வேலை பார்த்தால் கிடைக்கும் கம்பெனிப் பங்கு), டெக்சாஸ் போன பிறகு வெஸ்ட் ஆனாலும், அதாவது உங்களுக்குச் சொந்தமானாலும், கலிஃபோர்னியா விடாது. பங்கு வழங்கிய நாளிலிருந்து வெஸ்ட் ஆன நாள் வரை மொத்த வேலை நாட்களில், கலிஃபோர்னியாவில் செய்த நாட்களின் விகிதத்துக்கு வரி உண்டு. மொத்தம் 720 வேலை நாட்களில் 480 அங்கே என்றால், வெஸ்ட் ஆன 90,000 டாலரில் 60,000 கலிஃபோர்னியாவின் வருமானம், படிவம் 540என்ஆர். ஒவ்வொரு வெஸ்ட்டுக்கும் விகிதம் வேறு. மாறிப்போய்க் காலம் ஆக ஆகக் குறையும். பேரோல் போடும் பிரிப்பு பலமுறை தவறாக இருக்கும், ஆகவே வழங்கிய தேதியும் வெஸ்ட் தேதியும் உள்ள அறிக்கையைப் புரோக்கரிடமிருந்து இறக்கி நீங்களே சரிபாருங்கள். வெஸ்ட்டுக்குப் பிறகு விற்றதில் வரும் லாபம் வேறு. அது விற்ற நாளில் நீங்கள் வசித்த மாநிலத்துக்கு உரியது. ஓய்வூதியத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1996-லிருந்து ஃபெடரல் சட்டப்படி 401(கே) போன்றவற்றிலிருந்து எடுக்கும் பணத்துக்கு, எடுக்கும்போது வசிக்கும் மாநிலம் மட்டுமே வரி போட முடியும்.

இரண்டு மாநிலங்களிலும் வீடு வைத்திருப்பவர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் குடும்ப வீடு இருக்க, தினசரிப் பயணம் அலுத்துக் குவீன்ஸில் ஒரு சிறிய அபார்ட்மென்ட்டும் ஆண்டு முழுதும் வைத்துக்கொண்டால், நியூயார்க்கில் 183 நாட்களுக்கு மேல் கால் வைத்தவுடன் அந்த மாநிலம் உங்களை வசிப்பவராகவே கருதலாம். நாளின் ஒரு பகுதி இருந்தாலும் முழு நாள் கணக்கு. ஆபீஸ் போன நாட்களும் சேரும். 2022-லிருந்து அந்த வீட்டைப் பத்து மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் இந்த விதி பாயும். பாய்ந்தால் நகர வரியும் கூடவே வரும், அதிகபட்சம் 3.876 சதவீதம். வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபம் போன்றவற்றுக்கு இரண்டு மாநிலங்களும் வசிப்பவர் என்ற முறையில் வரி கேட்கும்; அதற்குக் க்ரெடிட் கிடைக்காமல் போகலாம். வாடகை ஒப்பந்தத்தை எட்டு அல்லது ஒன்பது மாதத்துக்குச் செய்வது இதைத் தவிர்க்கும் நேரான வழி.

பிடித்தம் குறைந்திருக்கும் மாநிலத்துக்குக் காலாண்டுத் தவணையாகக் கட்டலாம்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. நியூ ஜெர்சியில் ரிட்டர்னில் கட்ட வேண்டியது 400 டாலருக்கு மேல் வரும் என்று தெரிந்தால் தவணை கட்டியாக வேண்டும். நியூயார்க்கில் அந்த எல்லை 300. பழைய ஆண்டுகளில் க்ரெடிட்டைக் கேட்காமல் விட்டிருந்தாலும், வேறு மாநிலத்துக்குத் தவறாகப் பணம் போயிருந்தாலும், நியூயார்க், நியூ ஜெர்சி இரண்டிலும் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் திருத்திய ரிட்டர்ன் போடலாம். ஒரு மாநிலத்தின் ரிட்டர்னைத் திருத்தினால் மற்றதையும் அதே நேரத்தில் திருத்துங்கள். நியூயார்க் வரி குறைந்தால் நியூ ஜெர்சியின் க்ரெடிட்டும் குறையும், அந்த வித்தியாசத்தை அவர்கள் கேட்பதற்கு முன் நாமே கட்டினால் வட்டி அந்த நாளோடு நிற்கும்.